தலைவனும் துணைவரும்: மிச்சிகன் சர்வகலாசாலை உதைபந்தாட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம்

வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைவர்களின் பெயரையே முன்னிறுத்துவர். போரில் வெற்றி கிட்டின் படைத்தலைவன் புகழ் பெறுகின்றான். பாடசாலை ஓங்கின் அதிபரின் படம் மண்டபச் சுவரை அலங்கரிக்கின்றது. ஆயின், அத்தலைவன் பதவியேற்ற முதல் நாட்களிலே எவரெவரைத் தன்னருகிற் கொண்டான், எவ்வளவுகோலால் அவர்களை அளந்தான் என்னும் வினா பல வேளைகளிற் கேட்கப்படாதே போகின்றது. இவ்வினாவின் அருமையை உணர்ந்தே திருவள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார் எனலாம். ஆளை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியவனிடம் வினையை ஒப்புவித்தல் மற்றொன்று. அரசுக்கு உரிய இவ்வுண்மை ஆடுகளத்துக்கும் உரியதே என்பதை, அமெரிக்க நாட்டு மிச்சிகன் சர்வகலாசாலையிலே 1969 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வரலாற்றுட் புகுமுன் அந்நாட்டு உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் அது நம் கல்லூரி மைதானங்களில் ஆடப்படும் ஆட்டமன்று. இரு முனையுங் கூரிய நீள்வட்டப் பந்தைக் கையிலே ஏந்தி ஓடியும், துணைவனுக்கு எறிந்தும், எதிர்த்தரப்பின் எல்லைக்கோட்டைக் கடப்பதே அதன் குறிக்கோள். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். நான்கு முயற்சிகளுள் பத்து யார் தூரமாவது முன்னேறாத தரப்பு பந்தை இழக்கும். ஆதலின் ஒவ்வொரு முயற்சியும் முன்னரே வகுக்கப்பட்ட ஒரு வியூகமாகும். ஒவ்வொருவனுக்கும் அவ்வியூகத்திலே தனிக்கடமை உண்டு. சதுரங்கமும் மற்போரும் கலந்தாற் போன்ற இவ்வாட்டத்திலே, வியூகத்தை வகுத்துக் கற்பிக்கும் பயிற்றுநருக்கு ஏனைய ஆட்டங்களில் இல்லாத பேரிடம் அமைந்தது இயல்பேயாம்.

1869 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6 ஆந் திகதி, றட்கர்ஸ், பிறின்ஸ்ரன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர் பக்கத்துக்கு இருபத்தைவராய் நின்று ஆடிய ஆட்டமே அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. அந்நாளிற் பயிற்றுநர் என்னும் பதவியே இல்லை. 1880 ஆம் ஆண்டளவில் யேல் கல்லூரியைச் சேர்ந்த வோல்ரர் காம்ப் என்பார் ஆட்டக்காரர் தொகையைப் பதினொன்றாகக் குறைத்தும், முயற்சிகளுக்கு வரம்பு வகுத்தும் விதிகளைத் திருத்தினார். அதன்பின்னரே வியூகம் வகுப்போனின் தேவை எழுந்தது. 1892 இல் அமோஸ் அலோன்சோ ஸ்ராக் என்பார் சிக்காகோச் சர்வகலாசாலையின் ஆசிரியர் குழாத்தில் ஒருவராகவே பயிற்றுநர் பதவியை ஏற்று, நாற்பதாண்டு அதனை வகித்தார். பயிற்றுநர் தொழில் கல்விக்கழகத்தினுள் நிலையான இருக்கை பெற்றமைக்கு இதனைச் சான்றாகக் காட்டலாம்.

துணைப் பயிற்றுநர் தொகை பெருகியமைக்கு விதிமாற்றம் ஒன்றே பெருங் காரணமாயிற்று. முன்னாளிற் களத்திலிறங்கிய பதினொருவரே தாக்குதலும் தடுத்தலும் ஆகிய இரு தொழிலையுஞ் செய்தனர். 1941 இல், ஆட்டக்காரரை வேண்டியவாறு மாற்றிக்கொள்ள விதி இடமளித்தது. இதனைப் பயன்படுத்தி, தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு என இரு பிரிவாகத் தம் குழுவைப் பிரித்து 1945 இல் இராணுவக் கல்லூரிக்கெதிராக ஆடச்செய்தவர் மிச்சிகன் பயிற்றுநர் பிரிற்ஸ் கிறைஸ்லர் ஆவர். 1953 இல் அவ்விதி நீக்கப்பட்டது; 1960 களின் நடுப்பகுதியில் மீண்டும் வந்தது. அதன்பின் ஒருவரே எல்லாவற்றையுங் கற்பித்தல் இயலாதாயிற்று. முன்வரிசையினருக்கு ஒருவர், பந்தேந்தி ஓடுவோருக்கு ஒருவர், தடுப்புப் பிரிவு முழுமைக்கும் ஒருவர் எனத் துறைதோறும் ஆசிரியர் வேண்டப்பட்டனர். பயிற்சியோடு அவர்தம் பணி முடிவதில்லை. ஊர்தோறுஞ் சென்று உயர்பாடசாலை மாணவருள் திறமையாளரைத் தேர்தலும், எதிரிகள் ஆடிய ஆட்டங்களின் திரைப்படங்களை இரவிரவாய் ஆராய்தலும் அவர்களுக்கே உரியன. எனவே, புதிதாகப் பதவியேற்கும் தலைமைப் பயிற்றுநரின் முதல் வினை பந்தைத் தொடுவதன்று; ஆட்களைத் தெரிவதேயாகும்.

இனி 1968 ஆம் ஆண்டு மிச்சிகனின் நிலையை நோக்குவாம். ஆன் ஆபர் நகரிலுள்ள இச்சர்வகலாசாலையின் விளையாட்டுப் பெருமை பழமையானது. 1901 இல் பீல்டிங் யோஸ்ற் என்பாரின் பயிற்சியிலே இதன் குழு எதிரிகளுக்கு ஒரு புள்ளியும் ஈயாது 550 புள்ளிகளைத் தான் ஈட்டியது. 1927 இற் கட்டப்பட்ட இதன் விளையாட்டரங்கு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்கதாக வளர்ந்தது. ஆயின் 1960 களிலே புகழ் மங்கத் தொடங்கிற்று. 1968 இற் பம்ப் எலியற் என்னும் பயிற்றுநரின் கீழ் எட்டு ஆட்டங்களில் வென்றபோதும், இறுதி ஆட்டத்திலே அயல் மாநிலத்துப் பழம்பகையாகிய ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலையிடம் 50க்கு 14 என்னும் புள்ளிக் கணக்கில் மிச்சிகன் தோற்றது. வெற்றி உறுதியான பின்னரும் ஒஹையோவின் பயிற்றுநர் வூடி ஹேய்ஸ் மேலும் இரு புள்ளிகளுக்கு முயன்றமை மிச்சிகன் மாணவர் நெஞ்சில் வடுவாய் நின்றது. அவ்வாண்டு விளையாட்டுத்துறைப் பணிப்பாளராகிய டொன் கான்ஹம், எலியற்றுக்குத் துறை நிர்வாகத்திலே பதவியளித்து, டிசம்பர் மாதத்திற் புதிய பயிற்றுநரை நியமித்தார்.

அவ்வாறு வந்தவர் கிளென் எட்வேட் ஷெம்பெக்லர். ‘போ’ என்பது அவரது செல்லப்பெயர். 1929 இல் ஒஹையோ மாநிலத்துப் பாபற்ரன் என்னும் ஊரிற் பிறந்தவர். அம்மாநிலத்து மயாமிச் சர்வகலாசாலையிலே கற்றவர். அங்கே அவருக்குப் பயிற்சி அளித்தவர் வேறெவருமல்லர். அந்த வூடி ஹேய்ஸே ஆவர். பின்னர்ப் பௌலிங் கிறீன், நோத்வெஸ்ரேண் ஆகிய இடங்களிலே துணைப் பயிற்றுநராயிருந்து, 1958 முதல் 1962 வரை ஹேய்ஸிடமே துணைவராய்ப் பணியாற்றினார். 1963 இல் மயாமிக்குத் தலைமைப் பயிற்றுநராகத் திரும்பி ஆறாண்டில் நாற்பது ஆட்டங்களை வென்றார். துணைவராய் நெடுங்காலம் நின்று பழகியவராதலின், துணைவரின் அருமையையும் அவர்தம் இடர்களையும் அவர் நன்கறிந்திருந்தார். மிச்சிகன் அவருக்கு அளித்த ஆண்டுச் சம்பளம் 21,000 டொலர். பிற்காலத்துப் பயிற்றுநர் பெற்ற கோடிகளோடு ஒப்பிடின் இஃது அற்பமே. அவரைப் பின்பற்றிவந்த துணைவர் செல்வத்தை நாடி வந்தவரல்லர் என்பதும் இதனாற் புலனாகும்.

அவர் தெரிந்த ஆட்கள் யாவர்? மயாமியிலே தம்முடன் உழைத்தோரையே முதலில் அழைத்தார். தடுப்புப் பிரிவின் பொறுப்பு ஜிம் யங் என்பாருக்கு உரியதாயிற்று. முன்வரிசையினரைப் பயிற்ற மயாமியின் பழைய மாணவரான ஜெரி ஹான்லன் வந்தார். கரி மோலர் என்பவர் 1962 இல் ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலைக் குழுவின் தலைவராய் விளையாடியவர். அக்காலத்தில் அங்கே துணைப் பயிற்றுநராயிருந்த ஷெம்பெக்லர், அவ்விளைஞரின் உறுதியை நேரிற் கண்டவர். லரி ஸ்மித், சக் ஸ்ரோபாட் என்போரும் மயாமியிலிருந்தே வந்தனர். இவர்களுள் எவரும் அந்நாளிற் பெரும்புகழ் படைத்தவரல்லர். பெயர்பெற்றோரைப் பிற சர்வகலாசாலைகளிலிருந்து ஈர்த்துவர மிச்சிகனின் பெருமை போதியதாயிருந்தும், ஷெம்பெக்லர் பெயரை நோக்காது, வேலையிற் கண்டறிந்த குணத்தையே நோக்கினார்.

எனினும் இத்தெரிவில் வேறோர் அமிசம் உண்டு; அதுவே நம் கருத்தை மிகவும் ஈர்க்கின்றது. எலியற்றின் துணைவருள் இருவரைப் புதியவர் விலக்காது வைத்துக்கொண்டார். ஒருவர் ஜோர்ஜ் மான்ஸ். 1961 இல் மிச்சிகன் குழுவின் தலைவராயிருந்தவர். மற்றவர் பிராங்க் மலோனி. அவரும் மிச்சிகனுக்கு ஆடியவரே. புதிதாய் வருவோன் பழைய ஊழியரை ஐயத்தோடு நோக்குதல் உலகியல்பு. முன்னவனுக்கு விசுவாசமாயிருந்தவன் தனக்கும் அவ்வாறிருப்பானோ என்னும் அச்சம் அவனை விடுவதில்லை. ஆனால் ஆட்டக்காரர் யாவரும் எலியற்றினாற் சேர்க்கப்பட்டவர். அவர்தம் குணங்குறைகளையும், அவ்விடத்து வழக்குகளையும் மயாமியிலிருந்து வந்தோர் அறியார். தன்னை அறிந்தவரும் வேண்டும், இடத்தை அறிந்தவரும் வேண்டும். முன்னவர் இன்றேல் தலைவன் தனியனாவான். பின்னவர் இன்றேல் அந்நியனாவான். இவ்விரண்டையும் இணைத்தமையே அத்தெரிவின் நுட்பம் எனத் துணியலாம்.

வந்தோரை வரவேற்ற வசதிகள் சிறந்தன அல்ல. பயிற்றுநர் உடைமாற்றும் அறையிலே அலுமாரிகள் இல்லை. சுவரில் அடித்த ஆணிகளிலேயே உடைகளைத் தொங்கவிட வேண்டியிருந்தது. மயாமியிலே இதனினுஞ் சிறந்த வசதி இருந்ததே என்று துணைவரொருவர் முறையிட்டாராம். இவ்வாணியிலேதான் பீல்டிங் யோஸ்ற் தம் தொப்பியை மாட்டினார் என்று கூறி ஷெம்பெக்லர் அவரை அடக்கியதாகப் பிற்காலத்தில் அவரே பலகாற் சொல்லி மகிழ்ந்ததுண்டு. அந்த ஆணியில் யோஸ்ற் உண்மையில் மாட்டினாரா என்பது இங்கு வினாவன்று. ஓரிடத்துக்குப் புதியவராய் வந்தோர், அவ்விடத்தின் பழம்பெருமைக்குத் தாமும் உரியவர் என்று உணரவேண்டும் என்பதே அவர் கருதியது.

1969 ஆம் ஆண்டின் இளவேனிற் காலப் பயிற்சி மிகக் கடுமையாக நிகழ்ந்தது. அதனைத் தாங்கமாட்டாது குழுவை விட்டுச் சென்றோர் பலர். நிலைத்து நிற்பவரே வாகை சூடுவர் என்னும் பொருள்பட ஒரு வாசகத்தை எழுதி ஷெம்பெக்லர் உடைமாற்றும் அறையிலே தொங்கவிட்டார். நின்றோரை அணைத்து வளர்த்தவர் துணைப் பயிற்றுநரே. பயிற்சி தொடங்கிய சில மாதங்களிற் பலன் தெரிந்துவிடவுமில்லை. மிசூரிச் சர்வகலாசாலையிடம் 40க்கு 17 என்றும், தம் மாநிலத்து மற்றைய சர்வகலாசாலையிடம் 23க்கு 12 என்றும் மிச்சிகன் தோற்றது. அதன்பின் தொடர்ந்து வென்று, இறுதி ஆட்டத்துக்கு வருகையில் ஏழு வெற்றியும் இரு தோல்வியும் பெற்றிருந்தது.

அவ்விறுதி ஆட்டம் நவம்பர் 22 ஆந் திகதி ஆன் ஆபரில் நடைபெற்றது. எதிரே நின்றது தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றிருந்த ஹேய்ஸின் குழு. ஆசிரியருக்கு எதிரே மாணவர். அதுமட்டுமோ, ஆசிரியரின் முன்னாட் குழுத் தலைவராகிய மோலரும் மாணவரின் பக்கத்திலேயே நின்றார். முந்திய ஆண்டின் 50 என்னும் இலக்கம் மறவாதிருக்கும்பொருட்டு, பயிற்சியிலே எதிரிகளாய் நடித்த ஆட்டக்காரரின் உடைகளில் அவ்விலக்கமே பொறிக்கப்பட்டது. ஹேய்ஸின் வியூக முறையை உள்ளிருந்து கற்றவர் அவருக்கெதிராக வியூகம் வகுத்தனர். யங்கின் தடுப்புப் பிரிவினர் எதிரி எறிந்த பந்துகளுள் ஆறினை இடைமறித்தனர். அவற்றுள் மூன்று பாரி பியர்சன் என்னும் ஒருவனால் இடைமறிக்கப்பட்டவை. அவனே எதிரி உதைத்த பந்தொன்றை ஏந்தி 60 யார் தூரம் ஓடினான். முற்பாதியிலே 24க்கு 12 என முன்னின்ற மிச்சிகன், பிற்பாதியில் எதிரியை ஒரு புள்ளியும் பெறவிடாது காத்து அவ்வெண்ணிக்கையிலேயே வென்றது. ஆட்டம் முடிந்தபின் ஷெம்பெக்லர் வெற்றிப் பந்தைத் தாம் வைத்துக்கொள்ளவில்லை. அக்குழுவைத் திரட்டித் தந்த எலியற்றிடமே அளித்தார். பழைய துணைவரை வைத்துக்கொண்ட மனமும் பந்தை அளித்த மனமும் ஒன்றே என்பதைக் கூறவும் வேண்டுமோ?

தெரிவின் உண்மையான சோதனை பின்னரே வந்தது. அவ்வெற்றியின் பின்னர்க் கலிபோர்ணியாவிலுள்ள பாசடீனா நகரிலே, 1970 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைபெற்ற ‘ரோஸ் போல்’ என்னும் பெருவிழா ஆட்டத்துக்கு மிச்சிகன் சென்றது. அதற்கு முந்திய இரவிலே, நாற்பது வயதே நிரம்பிய ஷெம்பெக்லருக்கு மாரடைப்பு உண்டாயிற்று, வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். தலைவனின்றிக் களமிறங்க வேண்டிய நிலையிலே ஜிம் யங் பொறுப்பேற்றார். தென் கலிபோர்ணியாச் சர்வகலாசாலை 10க்கு 3 என்னுங் கணக்கில் வென்றது. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணுவோர் இதனைத் தோல்வியென்றே எழுதுவர். ஆயினும், தந்தைபோல் நின்றவர் உயிருக்குப் போராடுகிறார் என அன்று அறிந்த இளைஞர் சிதறாது நின்று, ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் ஆட்டத்தைக் காத்தனர் என்பதும் வரலாறே. தலைவன் இல்லாத நாளிலே வினை எவ்வாறு நடக்கின்றது என்பதே அவன் தெரிந்த துணைவரின் தரத்தை அளக்குங் கோல்.

ஷெம்பெக்லர் நலம்பெற்று அடுத்த பருவத்திலேயே திரும்பினார். 1989 ஆம் ஆண்டுப் பருவம் வரை பதவியில் நிலைத்து 194 ஆட்டங்களை வென்றார். தோற்றவை 48, சமநிலையில் முடிந்தவை 5. அவருடைய துணைவரும் துணைவராகவே தேங்கிவிடவில்லை. யங் அரிசோனா, பேர்டியூ, இராணுவக் கல்லூரி ஆகிய மூன்றிடங்களிலே தலைமைப் பயிற்றுநரானார். மலோனி சிரகூஸ் சர்வகலாசாலைக்கும், மான்ஸ் கிழக்கு மிச்சிகனுக்கும், ஸ்ரோபாட் ரொலீடோவுக்கும் தலைமை தாங்கச் சென்றனர். ஹான்லன் மட்டும் 1991 வரை மிச்சிகனிலேயே தங்கினார். மோலர் வெளியே சென்று மீண்டு, 1990 இல் ஷெம்பெக்லரின் பதவிக்கே உரியவரானார். ஸ்மித்தின் கதையோ வியப்புக்குரியது. 1990 ஜனவரி முதலாந் திகதி, அதே பாசடீனா களத்திலே ஷெம்பெக்லர் தம் இறுதி ஆட்டத்தை ஆடுவித்தபோது, எதிரே தென் கலிபோர்ணியாவின் பயிற்றுநராய் நின்றவர் இருபதாண்டுக்கு முன் தாம் அழைத்துவந்த அந்த லரி ஸ்மித்தே. 17க்கு 10 என மாணவரே வென்றார். ஹேய்ஸுக்கு ஷெம்பெக்லர் செய்ததை ஷெம்பெக்லருக்கு ஸ்மித் செய்தார்.

இத்துடன் நிறுத்திவிடின் இக்கட்டுரை புகழுரையாக முடியும், வரலாறாகாது. 1966 முதல் அச்சர்வகலாசாலையிற் பணிபுரிந்து விளையாட்டுக் குழுக்களையுங் கவனித்த ரொபேட் அண்டர்சன் என்னும் வைத்தியர், பரிசோதனையென்னும் பெயரால் மாணவர் பலரிடம் நெடுங்காலம் பாலியல் முறைகேடு புரிந்தமையைச் சர்வகலாசாலை நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 இல் உறுதிப்படுத்திற்று. முறைப்பாடுகள் பலருடைய செவிக்கு எட்டியும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அது கண்டது. ஷெம்பெக்லரிடமே முறையிட்டதாக முன்னாள் ஆட்டக்காரர் சிலர் கூறினர். 2006 இல் மறைந்துவிட்ட அவரது குடும்பத்திலே ஒரு மகன் அதனை வழிமொழிய, வேறு சிலர் மறுத்தனர். 2022 இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு 490 மில்லியன் டொலர் இழப்பீடு வழங்கச் சர்வகலாசாலை உடன்பட்டது. இவ்வைத்தியர் ஷெம்பெக்லராற் சேர்க்கப்பட்டவரல்லர். எனினும், நம்பிக்கையாற் கட்டப்பட்ட கூட்டம் தன்னுள்ளே எழும் அழுகுரலைக் கேளாதொழியின், அந்நம்பிக்கையே கேட்டுக்குக் காவலாகிவிடும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

ஆகவே இவ்வரலாற்றால் நாம் பெறுவன யாவை? பெயரை நோக்காது உழைப்பிற் கண்ட குணத்தை நோக்கித் துணைவரைத் தெரிதல் வேண்டும். முன்னவரின் ஆட்கள் என்பதற்காகத் தக்காரைத் தள்ளுதல் ஆகாது. தெரிந்தபின் பொறுப்பை முழுமையாய் ஒப்புவித்து, அவர் தலைவராகவும் தம்மை வெல்லவும் வளரவிடுதல் வேண்டும். அவ்வாறு ஒப்புவித்த பின்னரும், தம் பாதுகாப்பில் விடப்பட்ட இளைஞரின் சொல்லுக்குத் தலைவன் தன் செவியை அடைத்தலாகாது. முதல் மூன்றினை மிச்சிகனின் வெற்றிகள் கற்பிக்கின்றன. நான்காவதனை அதன் துயரம் கற்பிக்கின்றது. விளையாட்டுக் குழுவாயினும் கல்லூரியாயினும், தலைமைப் பொறுப்பை ஏற்கப்போகும் இளைஞர் இந்நான்கையும் ஒருங்கே மனங்கொள்வாராக.